மூத்தோர் வருகையும் கடற்கரை உலாவும்

விடுமுறை வந்தவுடன் பேரப்பிள்ளைகள் பாட்டன் பாட்டியின் இல்லத்துக்குச் செல்வது உலகின் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். இதற்கு மறுதலையான வழக்கமும் உண்டு. மூத்தோர் தாமே புறப்பட்டுப் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கு வருவதும், அவர்கள் தங்கியிருக்கும் நாட்களில் குடும்பத்தார் அனைவரும் சிறுவரை அழைத்துக்கொண்டு வெளியே உலாச் செல்வதும் அவ்வழக்கம். இலங்கையின் கீழ்க்கரையிலே, கல்முனையைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களில் இது நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கின்றது. மன்னர் பெயரும் போர்க்களமும் இல்லாத இச்சிறு வழக்கத்திலே வரலாறு எங்கே இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். ஒரு மக்கள் கூட்டம் தன் ஊரைப் பற்றி அறிந்தவற்றை அடுத்த தலைமுறைக்கு எவ்விடத்தில், எவ்வாறு ஒப்படைத்தது என்பதும் வரலாறே. அவ்வொப்படைப்பு நிகழ்ந்த இடங்களுள் ஒன்று இந்தக் குடும்ப உலா.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கல்முனை அமைந்திருக்கின்றது. மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் கடலோரமாகத் தொடர்கின்றன. இவற்றின் இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ்ச் சைவ ஊர்கள் உள்ளன. கிழக்கே கடல்; மேற்கே வயல்; இரண்டுக்கும் நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 1961 ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம், அவ்வாண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது.

இவ்வூர்களில் முஸ்லிம்கள் குடியேறிய வரலாறு பழையது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில், கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலளித்து, அவர்களுள் பெருந்தொகையினரை 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களில் பெருவழக்காகக் கூறப்படும் செய்தி. அங்ஙனம் வந்தோரும் அவர்க்கு முன்பே வணிகத்தின் பொருட்டு வந்து தங்கியோரும் இந்நிலத்துத் தமிழ் மக்களோடு கலந்து பழகினர். பேச்சிலும், உழவுத் தொழிலிலும், குடும்ப அமைப்பிலும் அக்கலப்பின் அடையாளம் இன்றும் தெளிவாகத் தெரிகின்றது.

குடும்ப அமைப்பைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும்; ஏனெனில், மூத்தோர் வருகையின் பொருள் அதிலேதான் அடங்கியிருக்கின்றது. இக்கரையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடி முறை உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இடம்பெறும் வழக்கமும் இம்முறையிலிருந்து பிறந்ததே. மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழி உரிமை வழமைகளைக் கிறிஸ்தோபர் பிறித்தோ 1876 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குடிகளின் மரபுகளைக் கூறும் மட்டக்களப்பு மான்மியம் 1962 ஆம் ஆண்டில் எப்.எக்ஸ்.சி. நடராசாவின் பதிப்பாக வெளிவந்தது. அக்கரைப்பற்றில் நெடுநாள் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே, இருசாராரின் குடி அமைப்பையும் ஒருங்கே வைத்து 2008 ஆம் ஆண்டில் விரிவான நூலொன்று எழுதினார்.

இம்முறைப்படி மணமகன் தன் பெற்றோர் இல்லத்தை விட்டு மனைவியின் வீட்டில் வந்து குடியேறுகின்றான். அந்த வீடு மகளுக்கென்று பெற்றோர் கட்டிக் கொடுத்த சீதன வீடு. பெண்மக்கள் பலராயின் ஒரே வளவிலோ, அடுத்தடுத்த வளவுகளிலோ அவர்களின் வீடுகள் எழும்பும். ஆகவே பிறக்கும் பிள்ளைக்கு உம்மாவின் தாயாகிய உம்மம்மா எப்போதும் அருகில் இருப்பவள். அவள் வருவதுமில்லை, போவதுமில்லை. வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாற் போதும். வாப்பாவின் தாயாகிய வாப்பம்மாவின் நிலை வேறு. தான் பெற்று வளர்த்த மகன் வாழும் வீட்டுக்கு அவள் விருந்தாளி. வேறு தெருவிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ அவள் புறப்பட்டு வரவேண்டும். மூத்தோர் வருகை என்று இக்கரையில் சிறப்பித்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் தந்தைவழி மூத்தோரின் வருகையே.

இதனாலேயே அவ்வருகைக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டது. வாப்பம்மா வெறுங்கையோடு வருவதில்லை. தொதலோ, கிண்ணத்தப்பமோ, புது நெல் குற்றிய அரிசியோ, தயிர் முட்டியோ அவளுடன் வரும். வாப்பாவின் தந்தையும் உடன் வந்தால் பிள்ளைகளின் கையில் ஓரிரு சல்லிக் காசு சேரும். மருமகளின் வீட்டில் அவர்கள் அடுப்படி வேலையில் தலையிடுவது முறையன்று. நாள் முழுவதும் திண்ணையில் இருந்துகொண்டிருக்கவும் முடியாது. எனவே பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே செல்வது இயல்பாயிற்று. தன் மகனின் பிள்ளையைத் தன் உறவினர்க்குக் காட்டுவதும், தன் குடும்பத்துப் பழங்கதைகளைப் பிள்ளைக்குச் சொல்வதும் அவ்வேளையிலேதான். தாய்வழி வீட்டில் வளரும் குழந்தைக்குத் தந்தைவழியின் அறிமுகம் வழிநடையிலே கிடைத்தது எனலாம்.

முற்காலத்தில் இவ்வுலா மூன்று திசைகளில் அமைந்தது. முதலாவது வயல். மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போக வெள்ளாமை விளைந்து அறுவடையாகும் காலத்தில், போடியாரும் வயற்காரரும் களவெட்டியிலேயே தங்கியிருப்பர். கூடாரம் கட்டிய மாட்டு வண்டியில் பெண்களும் பிள்ளைகளும் அங்கே செல்வதுண்டு. களவெட்டியில் சில பொருள்களை வழக்கமான பெயரால் அழைக்கலாகாது என்பது பழைய நம்பிக்கை. அங்கே நெல்லுக்குப் பெயர் பொலி. வீட்டில் ஒரு பேச்சும் களத்தில் வேறு பேச்சும் ஏன் என்று பேரன் கேட்பான். அளவாகப் பேசி, அடக்கமாக நின்று, கிடைத்த விளைவுக்கு நன்றி கூறும் பண்பைப் பாட்டனார் அக்கேள்விக்கு விடையாக விளக்குவார்.

இரண்டாவது கடற்கரை. வாடைக்காற்றும் மாரிமழையும் ஓய்ந்து கடல் அமைதியாகும் மாதங்களில் கரைவலைத் தொழில் சுறுசுறுப்படையும். தோணி வலையைக் கடலில் வளைத்துவிட்டுத் திரும்பும். இரு புறமும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடிவைத்து, கயிற்றை இழுப்பர். மடி கரையை நெருங்கும்போது சிறுவர் கூடி ஆரவாரிப்பர். பெரியவர்கள் அலைக்கு அப்பால் நிற்கச் சொல்லி அவர்களை அடக்குவர். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கும் கச்சான் என்று பெயர். கையிலிருக்கும் வறுத்த நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். ஒரு சொல் இரண்டு பொருள் தருவதை வைத்து நொடி போடுவதற்கு வாப்பம்மாவுக்கு வேறு துணை வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்தக் காற்றில் எந்த மீன், முகத்துவாரம் எப்போது உடைக்கும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பனவெல்லாம் ஏட்டுப் படிப்பின்றிப் பிள்ளைகளின் செவியில் ஏறிய இடம் அந்த மணல்தான்.

மூன்றாவதும் பெருஞ்சிறப்புடையதும் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியின் கொடியேற்றம். தமிழ்நாட்டின் நாகூரில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் இவ்விழா நிகழ்கின்றது. நாகூரிலுள்ள ஐந்து மனாராக்களுள் 131 அடி உயரமான பெரிய மனாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டுவித்தார். கடலில் செல்வோர்க்குத் துணை நிற்பவர் என்று ஆண்டகையைத் தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமியரும் கருதினர். ஆகையால் அவர்கள் சென்று தங்கிய துறைதோறும் அவர் நினைவாகத் தர்காக்கள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய தர்காக்கள் அமைந்தன. இவற்றில் அடக்கத்தலம் இல்லை. நினைவு மட்டுமே உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஊரார் கணக்கின்படி அங்கே கொடியேற்றம் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் கொடி ஏறும். பின்னர் பன்னிரண்டு நாட்கள் மௌலூது ஓதப்படும். இறுதியில் கந்தூரிச் சோறு பகிரப்பட்டுக் கொடி இறக்கப்படும். இஃது பிறைக் கணக்கைப் பின்பற்றும் விழாவாதலால் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு தலைமுறை அதனை அறுவடைக் காலத்து விழாவாக நினைவில் வைத்திருக்கும். அடுத்த தலைமுறை மாரிமழை விழாவாக நினைவில் கொள்ளும். எந்தப் பருவத்தில் வந்தாலும் வெளியூரிலிருக்கும் மூத்தோர் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கு வந்து தங்குவதற்கு அதுவே காரணமாயிற்று. வீட்டு வேலியைத் தாண்டிப் பெண்கள் அதிகம் வெளியே செல்லாத அக்காலத்தில், உம்மாவும் உம்மம்மாவும் வாப்பம்மாவும் பிள்ளைகளோடு ஒன்றாகப் புறப்பட்டுச் சென்ற நாட்கள் மிகச் சிலவே. கொடியேற்ற நாள் அவற்றுள் முதன்மையானது. வளையலும் பலூனும் இனிப்பும் விற்கும் கடைகள் மணலில் வரிசையாக எழும். அயலூர்த் தமிழ் மக்களும் வந்து நேர்ச்சை செலுத்துவர். மனாராவின் உச்சியில் பறக்கும் கொடியைக் காணப் பாட்டனாரின் தோளில் ஏறியிருந்த குழந்தை, தானே பாட்டனாகித் தன் பேரனைத் தோளில் ஏற்றுவான். தர்கா வழக்கங்கள் மார்க்கத்துக்கு உகந்தனவா என்பது பற்றி முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அண்மைய பத்தாண்டுகளில் அது வலுப்பெற்றதும் உண்மை. கொடியேற்றத்துக்குச் செல்லாத குடும்பங்களும் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் மாலைகளில் பிள்ளைகளையும் மூத்தோரையும் அழைத்துக்கொண்டு அதே கடற்கரைக்குத்தான் செல்கின்றன.

காலப்போக்கில் பாதைகள் உலாவின் எல்லையை விரித்தன. 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது. ஆனால் அதற்குத் தெற்கே தண்டவாளம் இடப்படவில்லை. கல்லடி வாவியின்மேல் ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் அமைந்த இரும்புப் பாலம் தெற்கு நோக்கிய தெருப் பயணத்தை எளிதாக்கியது. அதன் அருகே 2013 ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. அதன் பின்னர் மூத்தோர் வருகை மாட்டு வண்டியின் வேகத்தை விட்டு பஸ்ஸின் நேர அட்டவணைக்கு மாறியது.

பட்டிப்பளை ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் கல்லோயாத் திட்டம் 1949 ஆம் ஆண்டில் தொடங்கியது. நிலக்குடியேற்றத்தையும் நீர்ப்பங்கீட்டையும் பற்றி அத்திட்டம் எழுப்பிய கேள்விகள் நெடுங்காலம் ஓயவில்லை. எனினும் குடும்ப உலாவுக்கு அது புதியதோர் இடத்தை அளித்தது. தம் வயலுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைக் காட்ட, இங்கினியாகலை அணைக்கட்டுக்கும் சேனநாயக்க சமுத்திரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. வாய்க்காலில் நீர் வராத நாட்களை அறிந்த பாட்டனாரும், அணைக்கட்டையே முதலில் கண்ட பேரனும் அங்கே அருகருகே நின்றனர்.

இனி இவ்வழக்கம் துன்பத்தில் அகப்பட்ட காலத்தைக் கூறவேண்டும். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் வீசிய பெரும்புயல் கீழ்க்கரையின் வீடுகளையும் தென்னைகளையும் வீழ்த்தியது. அதற்குப் பின் வந்த உள்நாட்டுப் போர் காற்றைவிடக் கொடிதாக ஊர்களைப் பிரித்தது. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இக்கரையில், அடுத்த ஊரைக் கடக்காமல் மறு ஊரை அடைய வழியில்லை. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் இரு சமூகத்தாரும் உயிர்களை இழந்தனர். அதன் பின்னர் பொழுது சாயுமுன் வீடு திரும்புதல் சட்டம் போலாயிற்று. வாப்பம்மாவின் வருகை மாதத்துக்கு ஒருமுறை என்பது ஆண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. களவெட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் துணிவு எவர்க்கும் இருக்கவில்லை. கிழக்கில் 2007 ஆம் ஆண்டிலும் நாடு முழுவதிலும் 2009 ஆம் ஆண்டிலும் போர் முடிந்தது. அதற்கிடையே வளர்ந்த ஒரு தலைமுறை, அயலூரின் பெயரை அறிந்தும் அதன் தெருவை அறியாது போயிற்று.

போர் முடியுமுன்னரே கடல் வந்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை, பாடசாலைகளுக்கும் விடுமுறைக் காலம். வழக்கமாக மூத்தோரும் பேரப்பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடும் நாட்கள் அவை. காலையிலே எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகளைச் சில நிமிடங்களில் துடைத்துச் சென்றது. இலங்கையில் மாண்டோர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிர்கள் போகவில்லை. ஓட இயலாத முதியோரும், ஓடத் தெரியாத குழந்தைகளும், குழந்தைகளை விட்டு ஓட மனமில்லாத தாய்மாரும் அவர்களுள் மிகுதியாக இருந்தனர்.

காற்றையும் மீனையும் நீரோட்டத்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்த மூத்தோர், கடல் ஊருக்குள் வரும் என்பதை ஏன் கற்பிக்கவில்லை? அவர்கட்கே அது சொல்லப்படவில்லை என்பதே விடை. 1883 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆம் நாள் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கைக் கரையையும் எட்டின. இதே அம்பாறைக் கரையின் தென்பகுதியில், அறுகம்குடாவை அடுத்து, ஒரு பெண் அவ்வலையில் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு. அச்செய்தி ஏட்டில் இருந்தது. வாப்பம்மாமாரின் வாய்மொழியில் நிலைபெறவில்லை.

இதே நாளில் வேறோர் இடத்தில் நிகழ்ந்ததை இதனுடன் ஒப்பிட்டுக் காண்க. சுமாத்திராவின் மேற்கே சிமுலுவே என்னும் தீவு இருக்கின்றது. 1907 ஆம் ஆண்டில் அங்கே ஆழிப்பேரலை ஒன்று பலரைக் கொன்றது. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் பொருள்களை எண்ணாது மலைக்கு ஓடுக என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குக் கூறினர். அப்பிள்ளைகள் பாட்டன் பாட்டிகளாகித் தம் பேரருக்குக் கூறினர். 2004 ஆம் ஆண்டின் நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேர் மட்டுமே. அங்கே எச்சரிக்கைக் கருவி எதுவும் இருக்கவில்லை. மூத்தோர் சொல்லே கருவியாக இருந்தது. கல்முனைக் கரையிலோ நில அதிர்வு உணரத்தக்கதாக இருக்கவில்லை. ஆகவே சிமுலுவே மக்களுக்குக் கிடைத்த முதல் அறிகுறி இங்கே கிட்டியிராது. கடலின் நடத்தை மாறினால் உடனே விலகவேண்டும் என்ற அறிவேனும் இருந்திருப்பின், தப்பியோர் சிலர் கூடியிருத்தல் கூடும்.

அலைக்குப் பின் பல காலம் கல்முனைப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார் இல்லை. வீடிழந்தோர் கடலுக்கு அப்பால் உள்ளே குடியமர்த்தப்பட்டனர். கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் கடற்கரைப்பள்ளியில் மீண்டும் கொடி ஏறியது. பெருநாள் மாலைகளில் மணலில் மீண்டும் காலடிகள் பதிந்தன. கடலைத் தம் எதிரியாக எண்ணி வாழ்வது மீன்பிடிக்கும் ஊருக்கு இயலாத காரியம்.

இப்போது மூத்தோர் முச்சக்கர வண்டியில் வந்து இறங்குகின்றனர். மகன் வளைகுடா நாட்டில் உழைப்பவனாயின், வாப்பம்மா பேரனோடு மணலில் அமர்ந்து அவனுக்குக் கைத்தொலைபேசியில் கடலைக் காட்டுகின்றாள். ஒலுவிலில் துறைமுகம் கட்டப்பட்ட பின் கடல் கரையை அரித்துச் சென்றதால், தாம் ஓடி விளையாடிய நிலம் எங்கே இருந்தது என்று பெரியோர் நீரை நோக்கிக் கைகாட்டும் நிலையும் ஏற்பட்டிருக்கின்றது. உலாவின் தோற்றம் மாறியிருக்கலாம். கைபிடித்துச் செல்லும் முறை மாறவில்லை.

ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றது. இன்றைய மூத்தோர், தம் முன்னோர் அறியாத ஒன்றை அறிந்தவர்கள். கரைவலை, கச்சான் காற்று, கொடியேற்றம் என்பவற்றைப் பற்றிக் கூறும்போதே, அன்றைய காலையையும் கூறத்தக்கவர்கள் அவர்கள் ஒருவரே. எந்த நேரத்தில் எவ்வாறு நீர் வந்தது, எந்தத் தெருவால் ஓடியவர் பிழைத்தனர், எந்தக் கட்டடத்தின் மேல் ஏறி நின்றனர் என்பவற்றை அவர்கள் சொல்லாமல் மறைந்தால், 1883 ஆம் ஆண்டின் செய்திபோல இதுவும் ஏட்டில் உறங்கும். துயரத்தைக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று தயங்குவது தாய்மையின் இயல்பு. ஆயினும் அச்சமூட்டாமல் சொல்லும் வழியைப் பாட்டிமார் எக்காலத்தும் அறிந்திருக்கின்றனர். கதையாகச் சொல்லலாம்; நொடியாகப் போடலாம். அடுத்த பெருநாளில் பேரப்பிள்ளைகளோடு கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள், கச்சான் வாங்கும் வேளையிலே, எவ்வழியாகத் திரும்பி ஓடவேண்டும் என்பதையும் ஒருமுறை நடந்து காட்டுமாயின், இருநூறு ஆண்டுப் பழைய இவ்வுலா தன் பணியை முழுமையாகச் செய்ததாகும்.